பிள்ளை சொல்ல வேண்டிய சொல்

அமெரிக்காவில் பென்ஸில்வேனியா, ஒஹையோ கிராமங்களில் வாழும் ஆமிஷ் கிறிஸ்தவர்கள் சொந்தக் கார் வைத்துக்கொள்வதில்லை; குதிரை வண்டிதான். அத்தனை கட்டுப்பாடுள்ள வீட்டில், பிள்ளைக்குப் பதினாறு வயதானதும் பெற்றோர் பிடியைத் தளர்த்திவிடுகிறார்கள். சில பையன்கள் கார்கூட வாங்கி ஓட்டுவதுண்டு! மகனைக் கேட்காமலே அவனுக்குக் கல்லூரி பார்த்து வைத்த என் போன்ற தகப்பனுக்கு இது விளங்கச் சற்று நேரமாயிற்று.

1525-ல் ஜூரிச் நகரில் இவர்களுடைய முன்னோர், அறியாக் குழந்தைக்குச் செய்யும் ஞானஸ்நானம் செல்லாது, வயது வந்தவன் தானே கேட்டுப் பெறவேண்டும் என்றார்கள். அதற்காக நகர சபையார் 1527 ஜனவரியில் பெலிக்ஸ் மான்ஸ் என்பவரைக் கட்டி, லிம்மாத் நதியில் மூழ்கடித்தார்கள். கலங்காதே என்று அவருடைய தாய் தைரியம் சொன்னாளாம். அந்த வழியில் வந்தவள் தன் பிள்ளையை நிர்ப்பந்திப்பது எப்படி?

இன்னொரு பயமும் உண்டு. சபையில் சேராமலே போனவனைத் தள்ளிவைப்பதில்லை. ஞானஸ்நானம் பெற்று, வாக்குக் கொடுத்துவிட்டு, பிறகு விலகினவனுக்குத்தான் பகிஷ்காரம். 1693-ல் யாக்கோபு அம்மான் பிரிந்து போனதே பெரும்பாலும் இந்தக் கண்டிப்புக்காகத்தான். அவசரப்படுத்திச் சேர்த்த மகன் நாளைக்கு மனம் மாறினால், பெற்ற தாயே அவனோடு ஒரே மேஜையில் சாப்பிட முடியாமல் போகலாம்.

ஐந்தில் நான்கு பேருக்கு மேல் சேர்ந்துவிடுகிறார்கள்; பதினெட்டிலிருந்து இருபத்திரண்டுக்குள் பெரும்பாலும் முடிவாகிவிடும். அதுவரை ஞாயிறு இரவுகளில் வண்டிச் சத்தத்துக்காகத் தாய் விழித்திருக்கிறாள்.