கொக்கா இலையும் இருதயச் சத்திரசிகிச்சையும்

கேகாலைத் தோட்டங்களிலே பால் வெட்டப்படும் இறப்பர் மரத்தின் வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். இலண்டன் மாநகரையடுத்த கியூ பூந்தோட்டத்திலிருந்து 1876ஆம் ஆண்டில் அதன் நாற்றுகள் இலங்கைக்கு வந்தன. கடுகண்ணாவைக் கணவாய்க்கு அப்பாலுள்ள பேராதனைப் பூந்தோட்டத்துக்கு, அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னமெரிக்காவின் வேறொரு செடியும் வந்து சேர்ந்தது. அதுதான் கொக்கா. இலங்கைத் தோட்டங்கள் சிலவற்றில் அதனைப் பயிரிட்டும் பார்த்தனர். இறப்பர் நிலைத்தது; கொக்கா நிலைக்கவில்லை.

ஆயினும், அந்த இலையின் சத்தாகிய கொக்கெயின் வைத்திய உலகையே மாற்றிவிட்டது. 1884இல் வியன்னா நகரத்து இளம் வைத்தியர் கார்ல் கொல்லர், அதன் கரைசலைக் கண்ணில் இட்டால் நோயாளி விழித்திருக்கையிலேயே வலியின்றிச் சத்திரசிகிச்சை செய்யலாம் எனக் காட்டினார். அதனைத் தொடர்ந்து, நியூயோர்க்கில் ஹால்ஸ்டெட் என்பார் அம்மருந்தை நரம்பின் அருகே ஊசியால் ஏற்றி, அந்நரம்பு சென்று பரவும் பகுதி முழுவதையும் மரக்கச் செய்தார். தம்மீதே சோதனை செய்த அவர் அம்மருந்துக்கு அடிமையானார் என்பது இவ்வரலாற்றின் துயரமான பக்கம். 1905ஆம் ஆண்டளவில் புரோக்கெயினும், 1943இல் சுவீடனில் லிடோக்கெயினும் தோன்றியபின் அந்த ஆபத்து நீங்கிற்று.

1953 மே 6ஆம் நாள், அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜோன் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஓர் இளம்பெண்ணின் இருதயத்துள் இருந்த துவாரத்தை அடைத்தார். இத்தகைய சிகிச்சைக்குப் பெரும்பாலும் மார்பெலும்பை நெடுக்காகப் பிளக்கவேண்டும். பின்னர் நோயாளி இருமினாலும் ஆழ மூச்செடுத்தாலும் அந்த எலும்பு நோகும். நோவுக்கஞ்சி இருமாதிருந்தால் சளி தேங்கி நுரையீரல் கெடும். அபினிலிருந்து பெறும் மோர்பீன் நோவைத் தணிக்கும். ஆனால் அளவு மிகுந்தால் மூச்சையே மந்தமாக்கும். நோவைத் தணிக்கவேண்டும், மூச்சையும் காக்கவேண்டும் என்பதே இங்குள்ள சிக்கல்.

நரம்பை மட்டும் மரக்கச் செய்தால் என்ன? முள்ளந்தண்டின் உட்புறத்தே ஊசி செலுத்த வைத்தியர் தயங்கினர். இயந்திரத்தில் குருதி உறையாதிருக்கக் கெப்பரின் கொடுக்கப்படுவதால், அங்கே குருதி கசிந்தால் கால்கள் செயலிழக்கவும் கூடும். ஆகவே தசைப்படலங்களுக்கு இடையே மருந்தைப் பரவச் செய்யும் முறைகள் எழுந்தன. முதுகை நிமிர்த்தும் தசையின் அடியில் மருந்தேற்றும் முறையை 2016இல் கனடாவில் ஃபொரேரோவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்டனர். மார்பெலும்பின் இருமருங்கிலும் ஊசி போடுவது இன்னொரு முறை. செவிக்கெட்டாத ஒலியலைகள் திரையில் வரையும் படத்தைப் பார்த்தே ஊசி செலுத்தப்படுகிறது.

இம்மருந்தின் வலிமை சில மணி நேரமே. வேண்டுமாயின் நுண்குழாய் ஒன்றை வைத்துத் தொடர்ந்து செலுத்துவர். மோர்பீனின் தேவை இதனால் எவ்வளவு குறைகிறது என்பதில் ஆய்வாளர் இன்னும் ஒருமுகப்படவில்லை.