நைல் நதியில் ஓர் உடல்

1974 மார்ச். உகாண்டாவின் வெளியுறவு அமைச்சராக இருந்த லெப்டினன்ட் கர்னல் மைக்கேல் ஒண்டோகாவின் உடல் நைல் நதியிலிருந்து எடுக்கப்பட்டது. அதிபர் இடி அமீன் அவரைப் பதவியிலிருந்து நீக்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஒண்டோகாவின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருந்தவர் 38 வயதுப் பெண், டோரோ நாட்டு இளவரசி எலிசபெத் பகாயா. நீக்கப்படும் அமைச்சருக்கு அமீன் ஆட்சியில் என்ன நேரும் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

டோரோ உகாண்டாவின் மேற்கில், ருவென்சோரி மலையடிவாரத்தில் உள்ள பழைய அரசு. ஃபோர்ட் போர்ட்டல் அதன் தலைநகர். அரசரை ஒமுகாமா என்பார்கள். பகாயாவின் தந்தை மூன்றாம் ருகிடி 1928 முதல் 1965 வரை ஆண்டவர். அவருக்குப் பின் தம்பி பேட்ரிக் அரியணை ஏற, பகாயா 'படேபே' ஆனார். அரசரின் சகோதரிகளில் ஒருவருக்கே அந்தப் பட்டம் கிடைக்கும். அரசருக்கு ஆலோசனை சொல்லும் உரிமையும் அதோடு சேர்ந்தே வரும். அரசியல் பகாயாவுக்கு வீட்டிலேயே தொடங்கிவிட்டது.

படிப்பும் லேசானதல்ல. இங்கிலாந்தின் ஷெர்போர்ன் பெண்கள் பள்ளியில் அவர் ஒருவர்தான் கறுப்பின மாணவி. பிறகு கேம்பிரிட்ஜின் கர்ட்டன் கல்லூரியில் சட்டம். 1965-ல் இங்கிலாந்தில் பாரிஸ்டரான முதல் கிழக்கு ஆப்பிரிக்கப் பெண் என்ற பெயர் கிடைத்தது.

1967-ல் அதிபர் மில்டன் ஒபோட்டே புதிய அரசியல் சட்டம் கொண்டுவந்து, நாட்டின் பாரம்பரிய அரசுகள் அனைத்தையும் ஒழித்தார். தம்பியின் சிம்மாசனம் போனது. பகாயாவின் பட்டமும் போனது. பிரிட்டிஷ் இளவரசி மார்கரெட்டின் அழைப்பில் லண்டனில் ஒரு ஃபேஷன் நிகழ்ச்சியில் நடந்தவர், பிறகு நியூயார்க் சென்று புகழ்பெற்ற மாடலானார்.

1971 ஜனவரி 25 அன்று ஒபோட்டேயை ராணுவப் புரட்சியில் கவிழ்த்தார் அமீன். அரச குடும்பங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதில் வியப்பில்லை. லண்டனில் இறந்த, இன்னொரு பாரம்பரிய அரசான புகாண்டாவின் மன்னர் முட்டேசாவின் உடலை அமீன் தாய்நாட்டுக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்ய, நம்பிக்கை இன்னும் கூடியது. அந்த ஆண்டே பகாயா அவருடைய நடமாடும் தூதரானார்.

இங்கே சற்று நிதானிக்க வேண்டும். 1972 ஆகஸ்டில் உகாண்டாவிலிருந்த ஆசியர்களுக்கு 90 நாள் கெடு விதித்தார் அமீன். பல பத்தாயிரம் பேர் கடையையும் வீட்டையும் விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். அந்த அரசின் தூதராகப் பகாயா நீடித்தார். 1974 பிப்ரவரியில் வெளியுறவு அமைச்சராகவும் ஆகி, அந்த ஆண்டு ஐ.நா. பொதுச்சபையில் அதே அரசின் குரலாகப் பேசினார். அவரை வெறும் பலியாளாக எழுதுவது வரலாற்றுக்கு நியாயம் செய்வதாகாது.

ஆனால் அவர் பட்ட அவமானம் கொடியது. அந்த நவம்பரில் அவரை நீக்கிய அமீன், பாரிஸ் விமான நிலையக் கழிப்பறையில் யாரோ ஒரு ஐரோப்பியரோடு அவர் தவறாக நடந்துகொண்டார் என்று உலகறியப் பழி சுமத்தினார். ஆண் அமைச்சரைத் தீர்க்கக் கொலையை நாடியவர்கள், பெண் அமைச்சருக்கு அவதூறைத் தேர்ந்தெடுத்தார்கள். பகாயா வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 1975 பிப்ரவரியில் எல்லை தாண்டிக் கென்யாவுக்குத் தப்பினார்.

உயிர் தப்பியதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. பாரிஸ்டர் அல்லவா! அந்தப் பொய்யை அச்சிட்ட பத்திரிகைகள் மீது அவதூறு வழக்குப் போட்டு வென்றார். அமீன் எட்டாத இடத்தில், அமீனின் சொல்லைச் சட்டத்தின் முன் பொய்யென நிறுவிய அந்தத் தீரத்தையே அவர் வாழ்க்கையின் உச்சமாகச் சொல்லலாம்.

1986-ல் உகாண்டாவின் அதிபராக முசேவேனி ஆட்சிக்கு வந்ததும் அவரை அமெரிக்காவுக்குத் தூதராக அனுப்பினார். அந்த டிசம்பரிலேயே, விமானியான கணவர் வில்பர் நியாபோங்கோ மொராக்கோவின் காசாபிளாங்காவில் விமான விபத்தில் இறந்தார். துக்கத்தோடே 1988 வரை அவர் வாஷிங்டன் பணியில் இருந்தார்.

1993-ல் டோரோ அரசு மீண்டது. தம்பி பேட்ரிக் மறுபடி ஒமுகாமா ஆனார். இரண்டே ஆண்டில் அவரும் மறைய, 1995 செப்டம்பரில் அவருடைய மூன்று வயது மகன் ஓயோ முடிசூடினான். அவன் வளரும்வரை அரசைப் பார்த்துக்கொண்ட காப்பாளர்களில் அத்தை பகாயாவும் ஒருவர். அதன் பிறகும் ஜெர்மனியிலும் நைஜீரியாவிலும் உகாண்டாவின் தூதராகப் பணிபுரிந்தார்.

(தொடரும்)