மாரடைப்பும் உடல் குளிர்விப்புச் சிகிச்சையும்: யாருக்குப் பயன்?

இதயத் துடிப்பு நின்று மீட்கப்பட்ட நோயாளியின் உடல் வெப்பநிலையைத் திட்டமிட்டுக் குறைத்து, மூளையைக் காக்க முயலும் முறையே உடல் குளிர்விப்புச் சிகிச்சை. மாரடைப்புக்கான மருத்துவமாக இது பேசப்படுவதுண்டு. அது முழுவதும் சரியன்று. இதயத் தசைக்கு ரத்தம் செல்லும் குழாய் அடைபடுவது மாரடைப்பு. துடிப்பே நின்றுபோவது இதய நிறுத்தம். மாரடைப்பு இதய நிறுத்தத்தில் முடியக்கூடும். துடிப்பு திரும்பியும் நினைவு திரும்பாதவர்களுக்கே குளிர்விப்பு பரிசீலிக்கப்படுகிறது.

வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை சுமார் 6 சதவீதம் குறைகிறது. குளிர்நீர் சுழலும் உறைகளாலோ, ரத்தநாளத்தில் செலுத்தப்படும் குழாயாலோ உடல் குளிர்விக்கப்படும். நடுக்கத்தைத் தடுக்க மயக்க மருந்து தரப்படும். பின்னர் உடல் மிக மெதுவாகவே சூடேற்றப்படும்.

2002-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், 32 முதல் 34 டிகிரி வரை 24 மணி நேரம் குளிர்விக்கப்பட்டவர்களில் 55 சதவீதத்தினர் மூளைத்திறன் பெரிதும் குன்றாமல் மீண்டனர். மற்றவர்களில் இது 39 சதவீதம். ஆஸ்திரேலிய ஆய்வும் இதையொத்த முடிவைத் தர, இம்முறை உலகெங்கும் பரவியது. ஆனால் 2013-இல் 939 பேரிடம் 33 டிகிரியையும் 36 டிகிரியையும் ஒப்பிட்டபோது வேறுபாடு தெரியவில்லை. சுமார் 1,850 பேரிடம் நடந்த 2021 ஆய்வில், குளிர்விக்கப்பட்டவர்களில் 50 சதவீதத்தினரும், காய்ச்சல் மட்டும் தடுக்கப்பட்டவர்களில் 48 சதவீதத்தினரும் ஆறு மாதங்களுக்குள் உயிரிழந்தனர். குளிர்விக்கப்பட்டோரிடம் இதயத் துடிப்புக் கோளாறும் கூடுதலாகக் காணப்பட்டது. இதன் பிறகு, கடுங்குளிர்விப்பைவிட 37.5 டிகிரியைத் தாண்டவிடாமல் காப்பதே முதன்மை பெற்றுள்ளது.

ஓரிடத்து வெற்றி மற்றோரிடத்துக்கு அப்படியே பொருந்துவதில்லை என்பதற்கு நம் பகுதியிலேயே சான்று உண்டு. பிறக்கும்போது ஆக்சிஜன் குறைவால் மூளை பாதித்த 408 பச்சிளங் குழந்தைகளிடம் இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. குளிர்விக்கப்பட்ட பிரிவில் 42 சதவீதக் குழந்தைகளும், மற்றப் பிரிவில் 31 சதவீதக் குழந்தைகளும் இறந்தன. செல்வ நாடுகளில் இதே சிகிச்சை குழந்தைகளைக் காத்துவந்தது.

வீட்டில் நெஞ்சுவலி வந்தவர் மீது பனிக்கட்டி வைப்பதற்கும் இச்சிகிச்சைக்கும் தொடர்பில்லை. திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒருவர் துடிப்பின்றிச் சரிந்தால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய நகரைக் கடந்தாக வேண்டும். மூளையோ 4 முதல் 6 நிமிடங்களில் பாதிப்படையத் தொடங்கும். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும்.