பாய்மரம் தேடி வந்த கப்பலும் கொட்டியாரத்துக் காடும்

திருகோணமலையிலிருந்து மூதூருக்குச் செல்பவர்கள் முன்பெல்லாம் படகேறிக் கொட்டியாரக் குடாவைக் கடந்தே போனார்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின் தரைவழிப் பயணம் இலகுவாகிவிட்டது. ஆயினும் மூதூருக்குத் தெற்கே விரியும் காட்டைப் புரிந்துகொள்ள விரும்புபவர் கடல்வழியே அதனை அணுகவேண்டும் என்பது என் எண்ணம். குடாவின் நடுவில் நின்று நோக்கினால் வடக்கே சுவாமி மலையும், தெற்கே மகாவலி கங்கை கடலோடு கலக்கும் தாழ்நிலமும், அதற்கப்பால் கருநீலக் கோடாகக் காடும் தெரியும். 1660இல் ஓர் ஆங்கிலக் கப்பலின் மாலுமிகள் கண்டதும் இதே கோட்டைத்தான்.

அக்கப்பலின் பெயர் 'ஆன்'. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினக் கரையோரம் வீசிய பெரும்புயலில் அது தன் நடுப்பாய்மரத்தை வெட்டி வீழ்த்தித் தப்பியது. பாய்மரம் இன்றி இங்கிலாந்து திரும்ப இயலாது. சென்னைப்பட்டினத்துக் கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பனியின் முகவர் அதனைக் கொட்டியாரத்துக்குப் போகும்படி பணித்தார். பழுது பார்க்கும் காலம் வீணாகாதிருக்கத் துணிமூட்டைகளோடு பரங்கிப்பேட்டை வணிகர்களையும் ஏற்றி அனுப்பினார். இந்தச் செய்தியை நம்மவர்கள் அதிகம் கவனித்ததில்லை. ஆங்கிலேயரின் சிறைவாசக் கதையாக மட்டுமே சொல்லப்படும் இந்நிகழ்ச்சியில், வங்கக் கடலின் இரு கரைகளையும் இணைத்த தமிழ்நாட்டு வணிகமும் இருந்தது.

எஞ்சியது பலரும் அறிந்ததே. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸையும் வேறு சிலரையும் முதலில் பிடித்தனர். நடந்தது எதுவும் அறியாமல், பாய்மர வேலைக்காக மரம் வெட்டக் கரையிறங்கிய படகுக்காரரும் அடுத்து அகப்பட்டனர். மொத்தம் பதினாறு பேர். மரம் தேடி வந்தவர்களைக் காடு தன்னுள் இழுத்துக்கொண்டது என்றே சொல்லத் தோன்றுகிறது. தந்தை 1661 பெப்ரவரியில் காய்ச்சலால் மாண்டார். மகன் ஏறத்தாழ பத்தொன்பதரை ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கழித்தார். அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்தடியில், அதனை 'வெள்ளைக்காரன் மரம்' எனக் குறிக்கும் கல் 1893இல் நாட்டப்பட்டது.

நொக்ஸ் தப்பிய கதை ஒரு நெடிய காட்டு நடைப்பயணம். 1679இல் தோழர் ஒருவருடன், சில்லறைச் சரக்கு விற்பவர்போல வடக்கு நோக்கி நடந்தார். அநுராதபுரத்தை அடைந்தபோது அங்கிருந்தோர் தமிழராக இருந்தனர். அவர் பேசிய சிங்களம் அவர்களுக்கு விளங்கவில்லை. பின்னர் மல்வத்து ஓயாவின் கரையோடு, யானைகளுக்கு அஞ்சியபடி அடர்ந்த காட்டுக்குள் இறங்கி, ஒக்டோபரில் மன்னார்ப் பகுதியின் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையைச் சேர்ந்தார். 1681இல் லண்டனில் வெளியான அவருடைய நூலில் எனக்கு மிக முக்கியமாகப்படுவது ஒரு சிறு குறிப்பு. ஆள்நடமாட்டமற்ற அந்த ஆற்றங்கரையெங்கும் செதுக்கிய கற்றூண்கள் நிமிர்ந்து நின்றதைக் கண்ட அவர், முன்னொரு காலத்தில் அவை கட்டடங்களாக இருந்திருக்கவேண்டும் என ஊகித்தார். ஆதிவனம் என்று எவரும் எண்ணக்கூடிய இடத்தில் அந்தக் கைதியின் கண்ணுக்கு ஊர் தெரிந்திருக்கிறது.

கொட்டியாரத்துக் காட்டில் நடப்பவருக்கும் இதுதான் நேரும். பாலை, வீரை, முதிரை, கருங்காலி என வறள்வலயத்து மரங்கள் நெருங்கி நிற்கும். முற்பகல் பத்து மணிக்குமேல் பறவைகளும் ஓய்ந்துவிடும்; காலடியில் சருகு நொறுங்கும் ஓசை மட்டுமே மிஞ்சும். திடீரென நிலம் நீள்வாட்டில் சற்றே உயரும். மேடு என்று நினைத்து ஏறினால் அது ஒரு பழங்குளத்தின் கட்டு. அதன்மீது வளர்ந்திருக்கும் மரங்களை எத்தனை நூற்றாண்டுக்குரியவை என்று மதிப்பிட்டாலும், கட்டு அவற்றுக்கு முந்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டையொட்டிக் குளநாகரிகம் தளர்ந்தபின், கைவிடப்பட்ட வயல்களிலும் ஊர்களிலும் மீள முளைத்ததே இவ்வலயக் காட்டின் பெரும்பகுதி என்பது அறிஞர் கருத்து.

அதன்பின்னரும் காடு தனித்து விடப்படவில்லை. தமிழில் சாவண்டலை என்றும் சிங்களத்தில் ஹல்மில்ல என்றும் வழங்கும் மரத்துக்கு ஆங்கிலேய வணிகர் இட்ட பெயரே 'திருகோணமலை மரம்'. நேராக வளர்வது, உறுதியானது, வளைந்துகொடுப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை சென்னையில் கட்டப்பட்ட துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, அலைகளைக் கடந்து ஆளையும் சரக்கையும் கரைசேர்த்தவை ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகள். அவற்றைக் கட்ட இந்த மரம் பெருமளவில் சென்னைக்கு ஏற்றுமதியாயிற்று. சென்னைக் கடற்கரையில் கால்வைத்த ஆளுநர்கள் பலர் திருகோணமலைக் காட்டின்மீது அமர்ந்தே கரையேறியிருப்பார்கள்! (1817இல் கட்டப்பட்டு இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கும் 'திருகோணமலை' என்ற போர்க்கப்பலுக்கு இக்காட்டோடு தொடர்பில்லை. அது பம்பாயில், தேக்கினால் செய்யப்பட்டது. பெயர் மட்டுமே நம்முடையது.)

மரத்தைத் தேடியவர்களின் கதை ஏட்டில் இருக்கிறது. காட்டுக்குள் வாழ்ந்தவர்களின் கதை பெரும்பாலும் ஊர்ப்பெயர்களிலேதான் இருக்கிறது. மூதூரிலிருந்து சம்பூருக்குச் செல்லும் பாதையில் கட்டைபறிச்சான் என்றோர் ஊர் உண்டு. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பறித்து நிலமாக்கிய உழைப்பு அப்பெயரில் ஒலிக்கிறது. அதற்கப்பால் கடற்கரைச்சேனை. காடு வெட்டி எரித்து, சில போகம் விதைத்து, மீண்டும் காடாக விடுவதே சேனைப் பயிர். அந்த முறையில் காடும் ஊரும் பகையல்ல. மாறிமாறி நிலத்தை ஆண்டவை.

2006இல் போர் மூண்டபோது இவ்வூர்களின் மக்கள் இடம்பெயர்ந்தனர். 2007இல் சம்பூர்ப் பகுதி உயர்பாதுகாப்பு வலயமாக அறிவிக்கப்பட்டது. காணிகள் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே விடுவிக்கப்பட்டன. வெற்று நிலத்தில் பற்றை எழவும், பற்றைக்குள் மரம் தலைதூக்கவும் பத்தாண்டு தாராளம். வடக்கு கிழக்கில் இவ்வாறு எழுந்த பற்றைகள் பலவிடங்களில் வரைபடத்தில் வனமாகி, திரும்பி வந்தவர்கள் தம் வயலின் நடுவே எல்லைக்கல்லைக் கண்ட செய்திகளை என் தொழிற்காலத்தில் பலமுறை எழுத நேர்ந்தது. காட்டை அழிக்கலாம் என்பது என் கட்சியன்று. யானைக்கு வழி வேண்டும், மழைக்கு மரம் வேண்டும். ஆனால் மரத்தின் வயதை மட்டும் பார்த்து, இங்கு ஒருபோதும் எவரும் இருந்ததில்லை என முடிவுகட்டுவது சரித்திரத்துக்குப் பொருந்தாது.

மீள்குடியேறிய முதியவர் ஒருவர் தம் வளவைக் காட்ட என்னை அழைத்துச் சென்றார். வேலி இல்லை, வீடு இல்லை. கத்தியால் கொடிகளை விலக்கிக்கொண்டு முன்னே நடந்தவர் ஓரிடத்தில் நின்று, "தம்பி, பார்த்து வாங்கோ, கிணறு இருக்கு" என்றார். குனிந்து பார்த்தேன். கட்டு இடிந்திருந்தது, உள்ளே தண்ணீர் இருந்தது.