வீட்டுக்குள் வந்த எழுத்து: 19ஆம் நூற்றாண்டு இந்தியாவில் வீட்டுக்கல்வியும் பெண்களும்

வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பெற்றோரைப் பற்றிய இன்றைய விவாதங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே தொடங்குகின்றன. ஜான் ஹோல்ட் 1977இல் தொடங்கிய செய்திமடலும், பள்ளி என்னும் அமைப்பின் மீது அவர் எழுப்பிய ஐயங்களும் இந்த இயக்கத்தின் மூலமாகச் சுட்டப்படுகின்றன. ஆயினும் இந்திய மண்ணில் வீட்டுக்கல்விக்கு அதைவிட ஒரு நூற்றாண்டு மூத்த வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பள்ளியை வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள் அரியர். பெண்ணுக்குப் பள்ளியே இல்லாத காலம் அது. பள்ளி இருந்த ஊரிலும் உயர்குலத்து வீடுகள் அவளை வாசல் தாண்ட விடவில்லை. எனவே எழுத்து வீட்டுக்குள் வர வேண்டியிருந்தது. அது யார் கைவழி வந்தது, எந்த மொழியில் வந்தது, எதுவரை வர அனுமதிக்கப்பட்டது என்னும் மூன்று வினாக்களைக் கொண்டே அக்கால வீட்டுக்கல்வியின் வகைகளைப் பிரித்தறியலாம்.

முதல் வகை, பெற்றோர் கற்பித்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் கங்காமூலா என்னும் காட்டுப்பகுதியில் வாழ்ந்த அனந்த சாஸ்திரி டோங்கரே, தம் இளம் மனைவி லட்சுமிபாய்க்குச் சமஸ்கிருதம் கற்பித்தார். பெண்ணுக்குத் தேவபாஷையைச் சொல்லிக்கொடுத்த குற்றத்துக்காக வைதிகர்கள் அவரிடம் விளக்கம் கேட்டனர். உடுப்பியில் கூடிய அறிஞர் அவையில் சாஸ்திரச் சான்றுகளைக் காட்டித் தம் செயலை அவர் நிலைநாட்டினார். அவ்விருவரின் மகளாக 1858இல் பிறந்தவரே பண்டிதை ரமாபாய். தந்தைக்கு முதுமை வந்துவிட்டதால் மகளுக்குக் கற்பிக்கும் பணி தாயைச் சேர்ந்தது. வீட்டு வேலைகளுக்கிடையே லட்சுமிபாய்க்குக் கிடைத்த ஓய்வு விடியலுக்கு முந்தைய பொழுது மட்டுமே. தூக்கம் கலையாத சிறுமியை எழுப்பி, பாடத்தைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் செய்வது அவர் முறை. ஏறத்தாழ 8 வயது முதல் 15 வயது வரை ரமாபாய் பெற்ற கல்வி இவ்வாறு வாய்வழியாகவே நிகழ்ந்தது. பாகவத புராணத்தின் 18,000 சுலோகங்கள் என்று மரபு கணக்கிடும் பெரும்பரப்பு நினைவிலேயே தங்கியது.

ஊரை எதிர்த்து நின்ற இந்த வீட்டுக்கும் ஓர் எல்லை இருந்தது. மனைவிக்கும் மகளுக்கும் சமஸ்கிருதம் கற்பித்த அனந்த சாஸ்திரி, வேதத்தைக் கற்பிக்கவில்லை. பெண்களும் சூத்திரர்களும் வேதம் பயிலலாகாது என்ற விதியை அவர் மீற விரும்பவில்லை. பெற்றோர் இறந்தபின் 1878இல் கல்கத்தா வந்த ரமாபாய்க்கு வேத நூலொன்றைத் தந்து படிக்கத் தூண்டியவர் கேசவ சந்திர சென். தாயின் விடியற்காலைப் பாடம் திறக்காத ஏடு ஒன்று உண்டு என்பதை வீட்டுக்கு வெளியே வந்த பின்னரே அவர் அறிந்தார். அன்புள்ள ஆசிரியரே கற்பித்தாலும், அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே பாடமும் நின்றுவிடும் என்பதற்கு இது சான்று.

இரண்டாம் வகை, கணவர் கற்பித்தது. குழந்தைமணம் நிலவிய மராத்தியச் சமூகத்தில் இது பரவலாகக் காணப்பட்டது. எழுத்தறியாத சிறுமியாக 1840இல் ஜோதிராவ் புலேயின் வீட்டுக்கு வந்த சாவித்திரிபாய், கணவரிடமே எழுத்துக் கற்றார். பிறகு ஆசிரியப் பயிற்சியும் பெற்று, 1848இல் புனேயின் பிடே வாடாவில் பெண்களுக்கான பள்ளியில் ஆசிரியரானார். மகாதேவ கோவிந்த ரானடே 1873இல் தம்மை மணந்த 11 வயது ரமாபாய்க்கு முதலில் மராத்தியும் பின்னர் ஆங்கிலமும் கற்பித்தார். அவ்வீட்டின் மூத்த பெண்கள் அதைப் பொறுக்கவில்லை. மாடியில் கணவரிடம் பாடம் கேட்டுவிட்டுக் கீழே இறங்கிவந்தால் ஏச்சும் புறக்கணிப்பும் காத்திருந்ததைப் பிற்காலத்தில் எழுதிய நினைவுக்குறிப்புகளில் அவர் பதிவுசெய்கிறார். கணவரின் அறை ஒரு பள்ளி, அடுக்களை அதற்கு எதிர்க்கட்சி என்று ஒரே கூரையின் கீழ் இரண்டு உலகங்கள் இயங்கின.

இவ்வகையின் கடுமையான முகத்தை ஆனந்திபாய் ஜோஷியின் வாழ்வில் காணலாம். 1865இல் பிறந்து ஒன்பது வயதில் மணமுடிக்கப்பட்ட அவர், 1886இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே காசநோய்க்கு இரையானார். மனைவியைப் படிக்கவைத்தே தீருவது என்பதில் கணவர் கோபால்ராவுக்கு இருந்த வேட்கை பலராலும் புகழப்பட்டுள்ளது. ஆனால் ஆனந்திபாய் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்று, பத்து வயதில் கட்டையால் அடிபட்டதையும் பின்னர் நாற்காலியும் புத்தகங்களும் தம்மீது வீசப்பட்டதையும் குறிப்பிடுகிறது. அந்த நடத்தை நல்லதா தீயதா என்று முடிவுசெய்வது கடினம் என்றும் அவர் அதில் எழுதுகிறார். பள்ளியில் அடி விழுந்தால் வீட்டில் வந்து சொல்லலாம். வீடே பள்ளியானால் முறையிட இடமில்லை. வீட்டுக்கல்வியைப் புகழும் எழுத்துகள் பெரும்பாலும் தொடாத பக்கம் இது.

மூன்றாம் வகை, வெளியாள் வந்து கற்பித்தது. வங்கத்தில் பெண்கள் வாழும் உட்கட்டு அந்தப்புரம் எனவும் ஜெனானா எனவும் வழங்கப்பட்டது. கல்கத்தாவில் 1849இல் பெத்தூன் பள்ளி தொடங்கப்பட்ட பின்னும் உயர்குடும்பங்கள் பல பெண்களை அனுப்பத் தயங்கின. ஆகவே 1850களில் கிறித்தவ மிஷனரிப் பெண்கள் வீடுவீடாகச் சென்று கற்பிக்கும் ஜெனானாக் கல்வி வேரூன்றியது. இதன் முன்னோடிகளுள் ஒருவரான ஹன்னா மலென்ஸ் வங்காளத்தில் புனைகதை எழுதுமளவு அம்மொழியில் தேர்ந்தவர். பூத்தையல் கற்றுத்தருவது அந்தப்புரத்தின் கதவைத் திறந்தது. ஊசியின் பின்னால் எழுத்து வந்தது, எழுத்தின் பின்னால் விவிலியமும் வந்தது. சமயம் மாற்றிவிடுவார்களோ என்னும் அச்சம் இந்து வீடுகளிலும் பிரம்ம சமாஜ வீடுகளிலும் எழுந்தது. தேவேந்திரநாத் தாகூரின் வீட்டில் பெண்களுக்குக் கற்பிக்க அயோத்தியாநாத் பாக்ராசி என்னும் ஆண் ஆசிரியர் அமர்த்தப்பட்டதை இப்பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். உறவினரல்லாத ஆண் ஒருவர் உட்கட்டுக்குள் நுழைவது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

பிரம்ம சமாஜ இளைஞர்கள் இன்னொரு வழியையும் கண்டனர். 1863இல் தொடங்கிய ‘பாமாபோதினி பத்ரிகா’ என்னும் மாத இதழ், வீட்டிலிருந்தே படிக்கும் பெண்களுக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தேர்வும் நடத்தியது. கேள்வித்தாள் வீட்டுக்குச் செல்லும், விடைத்தாள் திரும்பிவரும். ஆசிரியர் நேரில் வராமலே, இதழ் ஒன்றின் வழியாகக் கல்வி அந்தப்புரத்துக்குள் சென்றது. பிற்காலத் தொலைநிலைக் கல்வியின் முன்வடிவம் என இதனைக் கருத இடமுண்டு.

நான்காம் வகைக்கு ஆசிரியரே இல்லை. இருந்தாலும் மறைவாகவே இருந்தார். கிழக்கு வங்கத்தைச் சேர்ந்த ராஸசுந்தரி தேவி 12 வயதில் மணமாகிப் பெருங்குடும்பத்தின் அடுக்களைக்குள் அடங்கியவர். சிறுவயதில் தாய்வீட்டின் வெளிக்கட்டில் நடந்த பள்ளியில் அமர்ந்து சிறுவர்கள் எழுத்துகளை ஓதுவதைக் கேட்டிருந்தார். மணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பின், ‘சைதன்ய பாகவத’த்தின் ஏடு ஒன்றைப் பிரித்தெடுத்து அடுக்களையில் ஒளித்துவைத்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்துக்கொண்டார். ஓலையிலிருந்த எழுத்தை ஏட்டிலிருந்த எழுத்தோடும், இரண்டையும் தாம் முன்பு கேட்ட ஒலியோடும் ஒப்பிட்டு ஒப்பிட்டு வாசிக்கக் கற்றார். மொழியியல் நோக்கில் இது வியக்கத்தக்க சாதனை. ஒலிக்கும் வரிவடிவுக்கும் இடையிலான உறவை எவர் துணையுமின்றித் தாமே மீட்டெடுத்த முறை இது. வாசிப்பும் எழுத்தும் வெவ்வேறு திறன்கள் என்பதற்கும் அவர் வாழ்வே சான்று. வாசிக்கக் கற்றுப் பல ஆண்டுகள் கழித்தே அவர் எழுதக் கற்றார். அவருடைய ‘அமார் ஜீபன்’ வங்காள மொழியின் முதல் தன்வரலாறாகப் போற்றப்படுகிறது.

1880இல் ரங்பூர் மாவட்டத்துப் பைராபந்தில் பிறந்த ரொக்கேயாவின் நிலை சற்று வேறானது. எழுத்து அவருக்கு முழுவதும் மறுக்கப்படவில்லை. எந்த மொழியின் எழுத்து என்பதே அங்கு சிக்கல். உயர்குடி முஸ்லிம் வீடுகளில் பெண்கள் அரபு ஓதுவதும் பாரசீகமோ உருதுவோ அறிவதும் ஏற்கப்பட்டன. சுற்றிலும் மக்கள் பேசிய வங்காளமும், ஆட்சியின் மொழியான ஆங்கிலமும் பெண்ணுக்கு ஆகாதவை எனக் கருதப்பட்டன. மூத்த அண்ணன் இப்ராகிம் சாபர், வீடு உறங்கிய பின் விளக்கொளியில் தங்கைக்கு இவ்விரு மொழிகளையும் கற்பித்தார். வங்காளத்தில் ஆர்வம் கொண்ட அக்காள் கரிமுன்னிசாவும் துணைநின்றார். பின்னாளில் ரொக்கேயா வங்காளத்திலேயே எழுதினார். மறுக்கப்பட்ட மொழியே அவர் கருவியாயிற்று.

அதே வங்கத்தில் ஆண்பிள்ளை ஒருவன் பெற்ற வீட்டுக்கல்வியை இதனருகில் வைத்தால் வேறுபாடு விளங்கும். 1861இல் பிறந்த ரவீந்திரநாத் தாகூர் பள்ளிகள் பலவற்றில் ஒட்டாமல் வெளியேறியவர். அண்ணன் ஹேமேந்திரநாத்தின் மேற்பார்வையில், விடியலில் மற்போர்ப் பயிற்சி, பிறகு பாடங்கள், மாலையில் ஓவியமும் உடற்பயிற்சியும், இரவில் ஆங்கிலம் என அவருடைய நாள் நிரம்பியிருந்தது. ஆங்கிலத்துக்கு முன் தாய்மொழியில் அடித்தளம் அமைத்த அண்ணனைப் பின்னாளில் அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தார். பள்ளி பிடிக்கவில்லை என்று விலகிவர அச்சிறுவனால் முடிந்தது. விலகியபின் அவனை ஏந்திக்கொள்ள நூல்களும் தனியாசிரியர்களும் நிறைந்த வீடும் இருந்தது. இன்று வீட்டுக்கல்வி என்று பேசப்படுவது ரவீந்திரநாத்தின் இந்த அனுபவத்துக்கு நெருக்கமானது. ராஸசுந்தரியின் அடுக்களைக்கு மிகத் தொலைவானது.

இந்த வரலாறு வெளிப்படையாகச் சொல்லாத உண்மை ஒன்று உண்டு. கற்பிக்க ஒருவராவது எழுத்தறிந்திருக்கும் வீட்டில்தான் வீட்டுக்கல்வி நிகழ முடியும். சாஸ்திரி வீடு, நீதிபதி வீடு, ஜமீன்தார் வீடு என மேற்சொன்ன வீடுகளுள் பெரும்பாலானவை ஏற்கெனவே ஏட்டையோ எழுதுகோலையோ கண்டவை. சூத்திரர் எனப்பட்ட மாளி சாதியில் பிறந்த ஜோதிராவ் மிஷன் பள்ளியில் படித்திராவிட்டால் சாவித்திரிபாய்க்கு வீட்டு ஆசிரியர் கிடைத்திருக்க மாட்டார். அவர் வீட்டுக்கு எழுத்து பள்ளியிலிருந்தே வந்தது. தலைமுறைகளாக எழுத்து மறுக்கப்பட்ட மாங், மஹார் குடிகளின் பிள்ளைகளுக்கு வீட்டில் காத்திருந்த ஆசிரியர் எவரும் இல்லர். மாங் சமூகத்துச் சிறுமியான முக்தா சால்வே, புலே தம்பதியரின் பள்ளியில் மூன்று ஆண்டுகள் படித்து, தம் மக்களின் துயரைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதய’ இதழில் வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 14. எந்த வீடும் தந்திருக்க முடியாத கல்வி அது. பள்ளி மட்டுமே அதைத் தர இயன்றது.

வீட்டில் கற்ற பெண்களே இதனை நன்கு உணர்ந்திருந்தனர் என்பதை அவர்களின் பிற்காலச் செயல்கள் காட்டுகின்றன. சாவித்திரிபாய் பள்ளிகளை நடத்தினார். பண்டிதை ரமாபாய் 1882இல் ஹண்டர் ஆணையத்தின் முன் பெண் ஆசிரியர்களும் பெண் ஆய்வாளர்களும் வேண்டும் என்று வாதிட்டு, 1889இல் பம்பாயில் சாரதா சதனை நிறுவினார். ரமாபாய் ரானடே 1909இல் புனேயில் சேவாசதனத்தை உருவாக்குவதில் முன்நின்றார். ரொக்கேயா, மறைந்த கணவர் விட்டுச்சென்ற 10,000 ரூபாயைக் கொண்டு 1909இல் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் தொடங்கிய பள்ளியை, 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் மீண்டும் தொடங்கினார். வீட்டில் கிடைத்த எழுத்து தற்செயலானது; நல்ல தாயோ அண்ணனோ வாய்த்தால் மட்டுமே கிட்டுவது. அத்தகைய நற்பேறு வாய்க்காத பெண்ணுக்கும் எழுத்து கிட்ட வேண்டுமெனில் அது வீட்டைவிட்டு வெளியே வந்தாக வேண்டும் என்று அவர்கள் கண்டனர்.

வெளியே வருவதும் எளிதாக அமையவில்லை. ரொக்கேயாவின் பள்ளிப் பேருந்து திரைகளால் முழுதும் மூடப்பட்டிருந்தது. காற்றும் ஒளியும் இன்றிச் சிறுமிகள் மயங்கி விழுந்தனர். திரையைத் தளர்த்தியபோது பர்தா குலைந்தது என்று கண்டனக் கடிதங்கள் வந்தன. இதனை அவரே ‘அபரோதபாசினி’யில் எழுதியுள்ளார். சிறுமிகள் வாசல் தாண்டியபோது வீட்டின் சுவரும் சக்கரம் பூட்டிக்கொண்டு கூடவே வந்தது.

2002இல் நிறைவேறிய 86ஆம் அரசியலமைப்புத் திருத்தம், 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. அவ்வயதுப் பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பளிப்பதைப் பெற்றோரின் கடமையாகவும் சேர்த்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளியை மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. 1989இல் தொடங்கிய தேசியத் திறந்தநிலைப் பள்ளி, வகுப்பறைக்குச் செல்லாமலே தேர்வெழுத வழிதருகிறது; வீட்டில் கற்கும் பிள்ளைகள் பலர் அவ்வழியையே நாடுகின்றனர். இன்றைய வீட்டுக்கல்விப் பெற்றோர் பாடத்திட்டம் வகுப்போராகவும், பிள்ளையின் விருப்பத்தைப் பின்தொடர்வோராகவும், மரபுக்கல்வியை மீட்போராகவும் பல திறத்தினர். அவர்களுடைய முயற்சியை மதிப்பிடும்போது, 19ஆம் நூற்றாண்டு முன்வைத்த அதே மூன்று வினாக்கள் பொருந்தும்: கற்பிப்பவர் யார்? எந்த மொழியில் கற்பிக்கிறார்? எந்த ஏட்டோடு நிறுத்திக்கொள்கிறார்?

நான்காவது வினா ஒன்றும் உண்டு. அதை எழுப்புபவர்கள் சாவித்திரிபாயும் ரொக்கேயாவும். கற்பிக்க எவருமற்ற வீட்டில் பிறந்த பிள்ளைக்கு என்ன வழி என்பதே அது. பள்ளி வேண்டாம் என்று சொல்லும் சுதந்திரம் சிலருக்கு வாய்த்திருக்கும் காலத்தில், பொதுப்பள்ளி வலுவிழந்தால் இழப்பு யாருக்கு என்பதையும் கணக்கில் கொண்டாக வேண்டும்.