வாசலில் நின்று பாடியவர்

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களைப் பற்றிக் கேள்விப்படாத நாஞ்சில் நாட்டார் அரியர். ஒரே கல்லில் பல சிறு தூண்களாகச் செதுக்கப்பட்ட அவற்றைத் தட்டினால், இனிய ஒலி எழும். ஆனால் 1936இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேச அறிக்கையை வெளியிடும்வரை, சுற்றியிருந்த வயல்களில் உழைத்த மக்களுள் பலர் அவ்வொலியைக் கேட்கக் கோயிலுக்குள் நுழைய இயலவில்லை. இசை உள்ளே இருந்தது. மனிதர் வெளியே நின்றனர். இதை எண்ணும்போதெல்லாம், கடல்கடந்து வந்து நம்மிடம் இசை பயின்ற ஒருவர் என் நினைவுக்கு வருகிறார்.

அவர் ஜான் ஹிகின்ஸ். 1939இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆண்டோவர் என்னும் ஊரில் பிறந்தவர். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது தென்னிந்திய இசை அவரை ஈர்த்தது. ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று, 1960களில் சென்னைக்கு வந்தார். வீணை தனம்மாளின் பேரரான புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன் அவருக்குக் குருவானார்.

அந்நிய மண்ணில் மாணவராக வாழ்வது எளிதன்று. ஏட்டில் எழுதிய சுரக் குறிப்பைப் பார்த்துப் பாடும் மரபிலிருந்து வந்தவர், இங்கே தரையில் சம்மணமிட்டு, குரு பாடக் கேட்டுத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. சுரங்களுக்கிடையே இழைந்தோடும் கமகத்தை எந்த ஏடும் முழுமையாகக் காட்டாது. செவியே ஏடாக வேண்டும். தெலுங்கும் தமிழும் கன்னடமும் நாவுக்கு வசப்பட வேண்டும். அவர் சலிக்கவில்லை. வந்து நெடுங்காலம் ஆகும் முன்பே திருவையாறு தியாகராசர் ஆராதனையில் பாடி, கேட்டோரை வியப்பில் ஆழ்த்தினார். வேட்டியும் சட்டையுமாக மேடையில் அமர்ந்த அந்த வெள்ளையரைத் தமிழ் மக்கள் 'பாகவதர்' என்றே அழைத்தனர்.

ஆயினும் எல்லா வாசல்களும் அவருக்குத் திறக்கவில்லை. உடுப்பி கண்ணன் கோயிலில் அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டதாகவும், அவர் வெளியே நின்று கண்ணனை அழைக்கும் கன்னடப் பாடலை மனமுருகிப் பாடியதாகவும், அதன்பின் உள்ளே அழைக்கப்பட்டதாகவும் இசையன்பர்கள் சொல்வதுண்டு.

இதைக் கேட்டு மற்றவர்மீது குறை காண நமக்குத் தகுதியில்லை. நமக்கு அண்டையிலுள்ள வடக்கன்குளத்தில், கத்தோலிக்க ஆலயத்திற்குள்ளேயே சாதியின் பெயரால் தடுப்புச் சுவர் நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அது இடிக்கப்பட்டது.

1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மறைபரப்பு நாடுகளில் அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றது. குருமடத்தில் அதைப் பாடமாகப் படித்தேன். பின்னாளில் ஹிகின்ஸ் பாடிய ஒலிநாடாவைக் கேட்டபோதுதான், 'மதிப்பு' என்னும் சொல்லின் பொருள் எனக்கு விளங்கியது. பிறர் வீட்டுப் பொருளை எடுத்துத் தன் வீட்டை அழகுபடுத்துவது மதிப்பன்று. அவ்வீட்டின் தரையில் அமர்ந்து, பிழை திருத்தப்படுவதற்கு இசைவதே மதிப்பு.

1971இல் திருச்சி சங்கரனுடன் இணைந்து கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் நம் இசையைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார் ஹிகின்ஸ். 1978இல் வெஸ்லியனுக்குப் பேராசிரியராகத் திரும்பினார். 1984 டிசம்பர் 7 அன்று தம் நாயுடன் நடந்து சென்றபோது, குடிபோதையில் ஒருவர் ஓட்டிவந்த வாகனம் மோதி இறந்தார். அப்போது அவருக்கு வயது 45.

ஞாயிறுதோறும் நம் ஆலயத்தில் பாடகர் குழு பாடுகிறது. நல்ல குரல் இருந்தும், யாரும் அழைக்காததால் கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இருக்கக்கூடும். அடுத்த ஞாயிறு நாம் ஒருமுறை திரும்பிப் பார்ப்போமா?