மலைப்பாதையில் ஏறிய வானொலி

ஊவா மலைநாட்டின் வரலாற்றை எழுதியோர் தேயிலையைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். 1924ஆம் ஆண்டிலே பதுளையை வந்தடைந்த புகையிரதத்தைப் பற்றியும், தெமோதரையில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு இறங்கும் பாதையைப் பற்றியும் எழுதியுள்ளனர். இம்மலைகளில் மக்கள் எதைக் கேட்டார்கள், எதைக் கொண்டு கேட்டார்கள் என்பதைப் பற்றி எழுதியவர் மிகச் சிலரே. இன்று ஒரு வாகனச் சாரதி, கையிலுள்ள சிறு தொகையைக் கொண்டு தம் வண்டியின் பாட்டுப் பெட்டியைத் திருத்திக்கொள்ள விரும்பினால், நாம் அதனை ஆடம்பரம் என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஆசைக்குப் பின்னே ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் மோட்டார் வண்டிக்கும் லயன் அறைக்கும் உள்ள உறவு, மேலோட்டமாகப் பார்ப்பவருக்குத் தோன்றாத ஓர் உறவாகும்.

தோட்டங்களில் பழைய காலத்து ஒலிகள் பெரும்பாலும் கட்டளை ஒலிகளே. விடியுமுன் பிரட்டுக்களத்துக்கு அழைக்கத் தப்பு அடித்தார்கள். பின்னர் ஆலைச் சங்கு ஊதிற்று. காமன் கூத்தும் மாரியம்மன் திருவிழாவும் வரும்போதுதான் அதே தப்பு மக்களுக்குச் சொந்தமானது. தன் விருப்பப்படி திறக்கவும் மூடவும் கூடிய ஓர் ஒலி, அதுவும் தாய்மொழியில், வானொலியோடுதான் லயத்துக்குள் வந்தது.

இலங்கைக்கு வானொலி வந்த கதை பலரும் அறிந்ததே. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பகுதிகளைக் கொண்டு ஒலிபரப்பி அமைத்து, கிராமபோன் இசையைப் பரிசோதனையாக ஒலிபரப்பினார். 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கிற்று. வேண்டாதவற்றைக் கழற்றி வேண்டிய கருவியை ஆக்கிக்கொள்ளும் வழக்கம் நம் வானொலிக்குப் பிறவியிலேயே உண்டு என்று மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு.

மோட்டார் வண்டி வானொலி வணிக வெற்றி பெற்றது அதற்கு ஐந்தாண்டுகள் பின்னர், அமெரிக்காவில். சிக்காக்கோ நகரத்துக் கால்வின் சகோதரர்கள் 1930இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பெட்டிக்கு மோட்டோரோலா என்று பெயரிட்டனர். மோட்டார் என்ற சொல்லோடு, அக்காலப் பாட்டுப் பெட்டிகளின் பெயர்களில் வந்த ‘ஓலா’ என்ற ஈற்றை ஒட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அதன் விலை 110 முதல் 130 டாலர் வரை. புதிய போர்ட் கார் ஒன்றே அப்போது 500 முதல் 650 டாலருக்குக் கிடைத்தது என்றால், பெட்டியின் விலை எத்தகையது என்பதை நேயர்கள் உணரலாம். 1932இல் ஜெர்மனியில் வந்த பிளௌபுங்க்ட் பெட்டியோ காரின் விலையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. காரில் பாட்டுக் கேட்பது அன்று செல்வரின் காரியம். நம் மலைநாட்டில் துரைமாரின் கார்களுக்கு அப்பால் அதனை எவரும் நினைத்திருக்க முடியாது.

இங்கே தொழில்நுட்பத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். அக்கால வானொலியில் இருந்தவை வால்வுகள். அவற்றைச் சூடாக்கச் சில வோல்ட் மின்சாரம் போதும். ஆனால் அவை வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேலும் தேவை. காரின் பற்றரியோ 6 வோல்ட். ஆகவே முதற்காலக் கார்களில் உலர்ந்த மின்கலங்களை அடுக்கடுக்காக வண்டியின் தளத்துக்கடியில் வைத்தார்கள். அவை விரைவில் தீர்ந்தன, விலையும் அதிகம். 1930களின் தொடக்கத்தில் இதற்கு ஒரு மாற்று வந்தது. மெல்லிய எஃகு நாக்கு ஒன்று விநாடிக்கு ஏறத்தாழ நூறு முறை துடித்து, பற்றரியின் மின்னோட்டத்தை வெட்டி வெட்டி விடும். வெட்டுண்ட மின்னோட்டத்தை மின்மாற்றி உயர்த்திக் கொடுக்கும். வைப்ரேட்டர் எனப்பட்ட இக்கருவியைக் கொண்டு, ஒரே கார்ப் பற்றரியால் முழு வானொலியையும் இயக்கலாயிற்று.

காருக்கென்று வந்த இவ்வசதி, கார் இல்லாதவருக்கே பெரிதும் உதவிற்று. மின்சாரம் எட்டாத ஊர்களுக்கென 6 வோல்ட் பற்றரியில் இயங்கும் வீட்டு வானொலிகளைப் பல நாட்டு நிறுவனங்கள் செய்து விற்றன. தோட்டத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆலையில் மின்சாரம் இருந்தது. துரை பங்களாவில் விளக்கு எரிந்தது. சில நூறு யார் கீழே லயத்தில் குப்பி விளக்கு. லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிய பின்னும், பல தோட்டங்களின் லயன் அறைகளுக்கு மின்கம்பி வரப் பல பத்தாண்டுகள் ஆயின. அந்த இருட்டில் வானொலி பாடியது என்றால் பற்றரியைக் கொண்டே பாடியது. கணக்கப்பிள்ளை வீட்டிலோ, பெரிய கங்காணி வீட்டிலோ, தோட்டத்துக் கடையிலோ பெட்டி இருக்கும். வாசலில் கூட்டம் இருக்கும். பற்றரி இறங்கினால், அதனை நகரத்துக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வர வேண்டும். வானொலிக்கு முடிந்த இந்தப் பற்றரிச் சுமை, 1980களில் தொலைக்காட்சிக்காக மீண்டும் தோளில் ஏறியது. உலகக் கிண்ணக் கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவிலே பற்றரி இறங்கிய துயரம், என் வயதினர் பலருக்கு இன்னும் நினைவிலிருக்கும்.

அந்தப் பெட்டிகளில் ஒலித்தது எது? போர்க்காலத்து சியாக் வானொலியின் வலிமை மிக்க கருவிகளைப் பெற்றுக்கொண்டு 1949இல் இலங்கை வானொலி எழுந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கிற்று. அகில இந்திய வானொலி 1952க்குப் பின் திரைப்பாடல்களுக்குக் கடும் வரம்பு விதித்தபோது, தமிழகமே கொழும்பை நோக்கிச் செவி சாய்த்தது. எஸ். பி. மயில்வாகனனின் குரல் அங்கும் இங்கும் வீட்டுக் குரலாயிற்று. இதே ஆண்டுகளில் மலையகத் தமிழர் நிலை என்ன? 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸின் சார்பில் 7 பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாலும், அடுத்த ஆண்டில் வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தாலும் குடியுரிமையும் வாக்கும் இழந்து நின்றனர். அரசின் பதிவேட்டில் இடமில்லாதவருக்கு அரசின் வானொலியில் நாள்தோறும் ஒரு தமிழ்க் குரல் இருந்தது. அதனை ஈடு என்று நான் சொல்ல மாட்டேன். பற்றரிக்குப் பணம் செலவழித்தமையை வீண் என்று அக்காலத்தில் சிலர் பழித்ததை மட்டும் ஏற்க மாட்டேன்.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், 1954இல் கையடக்க வானொலியாயிற்று. 1955இல் கிறைஸ்லர் நிறுவனத்தின் காருக்குள் வந்தபோது அதன் விலை 150 டாலர். அப்போதும் அது செல்வருக்கே. ஆனால் ஜப்பானியர் கையில் அது மலிந்தது. வால்வும் வைப்ரேட்டரும் கனத்த பற்றரியும் ஒருங்கே வழக்கொழிந்தன. கொழுந்துக் கூடையைக் காட்டிலும் கனம் குறைந்த ஒரு பொருளாக வானொலி மாறிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாளின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் முடிவு 1974 வரை காத்திருந்தது. தலைமன்னார் வழியே கடல் கடந்து நீலகிரிப் பக்கம் குடியேறியவர்கள், விட்டுவந்த நாட்டின் வானொலியை அங்கிருந்தும் கேட்க முடிந்தது. சிற்றலைக்கு அந்த வல்லமை உண்டு.

அடுத்து வாகனம். 1958 ஜனவரி முதலாம் நாள் பஸ் சேவைகள் அரசுடைமையாயின. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்பு வண்டிகளில் எஞ்சினின் ஒலியே சங்கீதம். 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. தனியார் பஸ்களும் மீண்டும் ஓடின. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய ஒலிநாடா வந்து சேர்ந்தது. பதுளையிலிருந்து பசறைக்கோ வெலிமடைக்கோ செல்லும் பயணிகள், சாரதி தெரிந்தெடுத்த பாட்டுகளைக் கேட்டுக்கொண்டே போனார்கள். கார் வாங்க வழியில்லாத தொழிலாளி வண்டியில் அமர்ந்து பாட்டுக் கேட்கும் நிலை தனியார் பஸ்ஸினாலேதான் வந்தது. செவி கிழியும்படி வைத்தார்கள் என்பது உண்மை. முடக்குகள் நிறைந்த லுணுகலைப் பாதையில், எதிரே வரும் வண்டியின் ஹோர்ன் ஒலி கேட்காதபடி பாட்டு வைப்பவரை மன்னிக்க எனக்கு மனமில்லை.

1998இல் சூரியன், சக்தி முதலிய தனியார் தமிழ்ப் பண்பலைகள் வந்தன. பண்பலையின் ஒலி தெளிவானது. ஆனால் அதன் அலை ஒளியைப் போல நேரே செல்லும் இயல்புடையது. மத்திய அலை மலையைச் சுற்றி வளைந்து பள்ளத்தாக்கில் இறங்கும். பண்பலை நமுனுகுல போன்ற மலை குறுக்கே நின்றால் மங்கிப்போகும். எல்லவிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்குகையில் ஒரு முடக்கில் பாடிய பெட்டி மறு முடக்கில் இரைவது இதனாலேயே. பெட்டி பழுதென்று எண்ணிப் புதிது வாங்குவோர் பலர். ஏரியலின் அடிக்கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

மற்றொரு குழப்பம் ஜப்பானியக் கார்களால் வந்தது. நம் நாட்டுக்குப் பெருமளவில் வந்தவை அங்கே ஓடிப் பழகிய வண்டிகள். ஜப்பானில் பண்பலை நெடுங்காலம் 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே. நம் நிலையங்களோ 88 முதல் 108 வரை பரந்துள்ளன. ஆகவே நல்ல பெட்டி இருந்தும் நம் நிலையங்கள் பல அதில் கேட்பதில்லை. இதற்கு ஏரியல் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவே தீப்பெட்டி அளவான ஒரு சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். பேண்ட் எக்ஸ்பாண்டர் என்று கடைகளில் கேட்டால் கொடுப்பார்கள். அது 106இல் வரும் நிலையத்தை 86க்கு இறக்கித் தரும். எல்லா நிலையங்களையும் அந்தக் குறுகிய இடத்தில் அடைக்க இயலாதெனினும், சிறு செலவில் இதைவிடப் பயனுள்ள திருத்தம் வேறில்லை.

பற்றரியில் இயங்கும் வானொலியின் அருமை வேறு வகையிலும் இப்பகுதிக்குத் தெரியும். 2014 அக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்சரிவில் புதைந்தன. அபாய எச்சரிக்கை முன்னரே கொடுக்கப்பட்டிருந்த இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைத் தாக்கியபோது மின்சாரமும் தொலைபேசியும் பல இடங்களில் அற்றுப்போயின. அத்தகைய இரவில் முற்றத்தில் நிற்கும் முச்சக்கரவண்டியின் வானொலிதான் ஒரு லயத்துக்கே செய்தி சொல்லத்தக்கது. தன் தேவைக்கான மின்சாரத்தை அது தானே வைத்திருக்கிறது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் பழைய வண்டியைப் பேணுவதே மக்களின் வழியாயிற்று; பாட்டுப் பெட்டியைத் திருத்தும் தொழிலும் கராஜ்களில் வளர்ந்தது. பெட்டியின் முகப்பில் ‘50 வாட், நான்கு வழி’ என்று எழுதியிருப்பதைக் கண்டு பலர் மயங்குகிறார்கள். 12 வோல்ட் பற்றரியை நேரே நம்பியிருக்கும் சாதாரணப் பெட்டி, ஒரு வழிக்கு 20 வாட் அளவையே தொடர்ந்து தர இயலும். இது கணிதம், விற்பனையாளரின் பேச்சு அன்று. வலிமையை இரட்டித்தால் செவிக்குச் சிறிதே வேறுபாடு தெரியும். நல்ல உணர்திறனுடைய ஒலிபெருக்கியை வாங்கினால், அதே பெட்டியே இருமடங்கு வலிமை பெற்றதுபோல் ஒலிக்கும். ஆகவே பணம் குறைந்தவர் முதலில் மாற்ற வேண்டியது பெட்டியை அன்று, கதவிலுள்ள ஒலிபெருக்கியை. கதவின் உட்புறத்து ஓட்டைகளை அடைத்து, தகரம் அதிராமல் செய்தால் தாழ்ந்த ஒலிகள் தாமே வரும். தனியே ஒலிபெருக்கிப் பொறி வைப்பவர், பற்றரிக்கு அருகிலேயே பியூஸ் போடாமல் தடித்த கம்பியை இழுத்துவரக் கூடாது. அக்கம்பி எங்கேனும் உடலில் உராய்ந்தால் வண்டியே எரியும்.

இவை யாவற்றுக்கும் முன்னே செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இரண்டு ஒலிபெருக்கிகளில் ஒன்றின் கம்பிகள் மாறிப் பூட்டப்பட்டிருந்தால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். மத்தளத்தின் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்துபோகும். புதிய பெட்டி வேண்டுமென்று என்னிடம் சொன்ன பாடசாலை வேன் சாரதி ஒருவரின் வண்டியில் இருந்த குறை அதுதான். கம்பிகளை நேராக்க ஒரு திருப்புளியும் கால் மணி நேரமும் போதுமாயிருந்தன.